திரி எரிந்த பதினோரு விநாடி

எனக்கு நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் நிறுத்தி, "டீச்சர், எம்மக கணக்குல எப்படி இருக்கா?" என்று கேட்டார்கள். ஓடுகிறவளை யாரும் நிறுத்துவதில்லை. அதனால்தான் ஓட ஆரம்பித்தேன். உடம்பு இளைப்பது, மனசு லேசாவது என்று மற்றவர்கள் சொல்லும் காரணமெல்லாம் எனக்குக் கிடையாது.

விருதுநகரில் எங்கள் வீடு மிளகாய் வத்தல் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கிறது. மூட்டை பிரிக்க ஆட்கள் வருவதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தும்மிக்கொண்டேதான் ஓட வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து, ரயில் பாதையை ஒட்டிப் போகிற சாலையில் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு ஓடுவேன். பிறகு குளித்துவிட்டு சிவகாசிக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர்.

சிவகாசியில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். விருதுநகர் சாலையில் இரண்டரை கிலோமீட்டர் போய், ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது. பனியன் இலவசம், ஓடி முடித்ததும் பொங்கலும் வடையும் உண்டு. சான்றிதழ் மட்டும் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், அச்சடிக்கிற ஊர் அல்லவா. ஓடியவர் பெயரும் நேரமும் மட்டும் கையால் எழுதித் தருவார்கள். ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் பார்ப்பதும் அதை எழுதுவதும் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார்தான்.

முதல் வருஷம் எனக்கு முப்பத்தாறு நிமிஷம் ஆனது. இரண்டாவது வருஷம் முப்பத்திரண்டு. மூன்றாவது வருஷம் முப்பதுக்குள் வந்தாக வேண்டும் என்று நினைத்தேன். யாரையும் முந்த வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் பதினேழு நிமிஷத்தில் வந்து வடை தின்றுகொண்டிருப்பார்கள். எனக்கு வேண்டியது சான்றிதழில் இருபத்தொன்பது என்று தொடங்கும் ஒரு நேரம், அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்தை விசில் ஊதித் தொடங்க மாட்டார்கள். பட்டாசு ஊரில் விசில் ஊதினால் மானக்கேடு என்பது வியாபாரிகளின் கருத்து. சாலை ஓரம் மணல் நிரப்பிய இரும்பு வாளியில் ஓர் அணுகுண்டு வெடியைச் செருகி வைப்பார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் ஃபோர்மேன் வந்து ஊதுபத்தியால் தீ வைப்பார். சிறப்பு விருந்தினரின் வெள்ளைச் சட்டையில் பொறி பட்டுவிடக் கூடாது என்பதற்காக, கடையில் விற்கிற வெடியில் இருப்பதைவிட நீளமான திரியாக வைத்திருப்பார்கள். திரி சரசரவென்று எரியும். இருநூறு பேரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்போம். வெடித்ததும் ஓடுவோம்.

அந்த மூன்றாவது வருஷம் வெடிச் சத்தம் கேட்டதும் என் கைக்கடிகாரத்தை அமுக்கினேன். முடிவுக் கோட்டைத் தாண்டி மறுபடி அமுக்கினேன். இருபத்தொன்பது நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி. சாலை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். பிறகு வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கினேன். அதில் முப்பது நிமிஷம் ஆறு விநாடி என்று இருந்தது.

பதினோரு விநாடி எங்கே போனது என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. என் கணவர் ஓட்டத்தின் தொடக்கத்தை செல்போனில் படம் பிடித்திருந்தார். ஃபோர்மேன் திரியில் ஊதுபத்தியை வைக்கிறார். அதே நேரத்தில் பி.டி. சாரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்குகிறது. திரி எரிகிறது, எரிகிறது, எரிந்துகொண்டே இருக்கிறது. அப்புறம்தான் வெடிக்கிறது. இதை நாலைந்து முறை போட்டுப் பார்த்து எண்ணினேன். சரியாகப் பதினோரு விநாடி. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்ற நேரத்தையும் அந்த மனிதர் ஓட்டத்தில் சேர்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவரிடம் செல்போனைக் காட்டினேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"திரியில தீ பட்டுட்டா ஆரம்பிச்சாச்சுன்னுதான டீச்சர் அர்த்தம்? எங்கப்பா காலத்துல இருந்து கம்பெனியில அப்படித்தான். தீ வச்சதுக்கப்புறம் எவனாலயும் நிப்பாட்ட முடியாதுல்லா?"

"நாங்க ஓட ஆரம்பிக்கிறது வெடிச்சப்புறம்தான சார்?"

"எல்லாருக்கும் ஒரே கணக்குதான. ஒங்களுக்கு மட்டுமா கூட்டிட்டேன்? இல்ல, பதினோரு செகண்டுல மொதப் பரிசு போயிருச்சாக்கும்? நூத்தி இருவதாவதா வந்தீக!"

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். தமிழ் டீச்சருக்குச் சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. நான் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்குப் பாடம் என்ன நடத்தினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதோடு அவர் விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். புதன்கிழமை காலை அசெம்பிளியில் அணிவகுப்பை நிறுத்தி, என் பக்கம் கையைக் காட்டி, "நேரத்தோட அருமையத் தெரிஞ்சிக்கிடணும்னா நம்ம பதினோரு செகண்டு டீச்சர்ட்ட கேளுங்க" என்றார். அறுநூறு பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வாரமே ஒன்பதாம் வகுப்பின் கரும்பலகையில் மூலையில் சின்னதாக 11 என்று எழுதியிருந்தது. அழித்தேன். மறுநாளும் இருந்தது. விடைத்தாளில் பதினொன்று விடையாக வந்தால் வகுப்பே கமுக்கமாகச் சிரித்தது. பதினொன்று என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல் ஒரு வருஷம் பாடம் நடத்திப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அந்த வருஷம் முழுக்க நான் அவருக்காக ஓடினேன். மின்கம்பத்துக்கு மின்கம்பம் வேகமாக ஓடுவது, அடுத்த கம்பம் வரை மெதுவாக ஓடுவது, மறுபடி வேகம். வேகம் குறையும்போதெல்லாம் அசெம்பிளியை நினைத்துக்கொள்வேன், கால் தானாகப் பறக்கும். என் கணவருக்கு ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை. அவர் வேலை முடிந்து வருகிற நேரமும் நான் ஓடி முடித்து வருகிற நேரமும் சில நாள் ஒன்றாகிவிடும். வாசலில் வைத்து ஒரு நாள் கேட்டார்.

"எதுக்கும்மா இம்புட்டு வன்மம்? அந்தாளு மறந்தே போயிருப்பாரு."

"அவரு மறந்திருந்தா அதுக்கும் சேத்துதாங்க" என்றேன்.

கோயிலில் ஆராதனையின்போது எல்லாரோடும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்வேன். பிறர் குற்றத்தை மன்னிக்கிறோம் என்று சொல்கிற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். கடவுளிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள்.

டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. திரியில் தீ பட்டதுமே ஓட்டம் தொடங்கிவிட்டது என்று சொன்னது அவர்தான். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொன்னார். அப்படியென்றால் நான் ஏன் வெடிக்கும்வரை நிற்க வேண்டும்? அவர் கட்டைவிரல் அமுங்கும்போதே நான் கிளம்பிவிட்டால் என்ன செய்வார்? என் நேரம் செல்லும் என்றால், சான்றிதழில் முப்பதுக்குக் கீழே அவர் கையாலேயே எழுத வேண்டும். செல்லாது, வெடித்த பிறகுதான் ஓட்டம் என்றால், போன வருஷம் எனக்கு எழுதிய நேரம் தப்பு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இத்தனை சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததா என்று சந்தேகம்தான்.

நான்காவது வருஷத்து ஓட்டத்துக்கு என் கணவர் பையில் தண்ணீர், துண்டு, மாற்றுச் சட்டை எல்லாம் எடுத்து வைத்தார். போன வருஷச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு நான் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

வழக்கமாக நான் கூட்டத்தின் கடைசியில் நிற்பேன். அன்றைக்கு முதல் வரிசைக்குப் போனேன். கல்லூரிப் பிள்ளைகள், "அக்கா, பின்னாடி போயிருங்க, தள்ளிவிட்ருவாய்ங்க" என்றார்கள். நகரவில்லை. சிறப்பு விருந்தினராக ஒரு முதலாளி, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, அங்கே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பி.டி. சார் ஸ்டாப்வாட்சோடு வாளியைப் பார்த்து நின்றார். போன வருஷத்து ஃபோர்மேனே ஊதுபத்தியை ஊதிக்கொண்டே வந்தார்.

ஊதுபத்தி திரியில் பட்டது. பி.டி. சாரின் கட்டைவிரல் அமுங்கியது. என் விரலும் அமுங்கியது. நான் ஓடினேன்.

பின்னால் யாரோ, "ஏ டீச்சர், இன்னும் வெடிக்கலை!" என்று கத்தினார்கள். மைக்கில், "அந்த அம்மாவைத் திரும்பச் சொல்லுங்க" என்றார்கள். விருதுநகர் சாலை முழுவதும் எனக்கு மட்டும் என்று இருந்தது. சாலையின் இரு பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நான்தான் முதலில் வருகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பின்னால் வெடிச் சத்தம் கேட்டபோது நான் நாற்பது மீட்டராவது போயிருந்தேன்.

இருநூறு மீட்டருக்குள் கல்லூரிப் பிள்ளைகள் என்னைக் கடந்து போனார்கள். "ஏமாத்துறீகளே அக்கா" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். போகட்டும். இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சு தொண்டையைக் கிழித்தது. டிரம்மைச் சுற்றும்போது கால் மடங்கிக் கையை ஊன்றி எழுந்தேன். அங்கே தண்ணீர் கொடுக்க நின்றவர்களில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். ஒருத்தி, "பதினோரு செகண்டு!" என்று இன்னொருத்தியின் காதில் சொன்னாள். என் காதிலும் விழுந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் பட்ட நன்றிக்கடன் அவளுக்குத் தெரியாது. அங்கேயிருந்து முடிவுக் கோடு வரை எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. வலது விலாவில் குத்திய வலி மட்டும் நினைவிருக்கிறது, அந்த வலி அவருக்கு வர வேண்டும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

கோட்டைத் தாண்டினேன். கடிகாரத்தை அமுக்கினேன், ஆனால் பார்க்கவில்லை. என் கண் சான்றிதழ் எழுதுகிற மேசை மேல் இருந்தது. நேராக அங்கே போனேன்.

பி.டி. சார் என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"டீச்சர், ஒங்களது செல்லாது. வெடிக்கு முன்னாடியே ஓடிட்டீக."

"போட்டி எப்ப சார் ஆரம்பிக்கிது?"

"வெடிச்சப்புறந்தான். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்லா?"

அதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். என் கணவரிடமிருந்து பையை வாங்கி, பழைய சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அப்ப போன வருசம் தீ வைக்கும்போதே ஏன் அமுக்குனீக? இந்த வருசமும் ஏன் அமுக்குனீக?"

"யாரு, நானா? வெடிச்சப்புறந்தான் அமுக்குனேன்."

பொய் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செல்போனை எடுக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் ஃபோர்மேன், பொங்கல் தட்டோடு அங்கே நின்றவர், சாவகாசமாக வாயைத் திறந்தார்.

"இல்ல சார், நீங்க நான் பத்த வைக்கும்போதே அமுக்கிருதீக. வருசா வருசம் பாக்கேன். ஏதோ முறை போலிருக்குன்னு நெனச்சேன்."

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப எல்லாருக்குமே கூட்டித்தான் எழுதிருக்காரா?" என்று கல்லூரிப் பிள்ளை ஒருவன் கேட்டான். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தவன்தான். சத்தம் கூடியது. சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு பி.டி. சாரிடம் சொன்னார்: "காலங்காத்தால எதுக்கு சார் சண்டை? டீச்சரு பாவம், ஓடி வந்திருக்காக. அவுக வந்தப்ப ஒங்க கடிகாரத்துல என்ன நேரம் காட்டுச்சோ அத எழுதிக் குடுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க."

பி.டி. சார் புதுச் சான்றிதழ் ஒன்றை இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

"வேண்டாங்க" என்றேன். "இந்த வருசத்தது செல்லாதுன்னே இருக்கட்டும். போன வருசத்தத் திருத்தச் சொல்லுங்க. அடிச்சிட்டு, பக்கத்துல எழுதி, கையெழுத்துப் போடணும். எல்லாரும் பாக்க."

முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒங்க இஷ்டம்மா" என்றார்.

பி.டி. சார் குனிந்து முப்பது நிமிஷம் ஆறு விநாடியை அடித்தார். இருபத்தொன்பது ஐம்பத்தைந்து என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். அவர் காது சிவந்திருந்தது. நான் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு குளிர்ந்தது என்று சொல்வார்களே, அது உண்மையிலேயே நடக்கும். எனக்கு நடந்தது.

திரும்பும்போது பைக்கில் என் கணவருக்குப் பின்னால் உட்கார்ந்து சான்றிதழை எல்லாச் சாலையோரக் கடைக்கும் தெரியும்படி பிடித்திருந்தேன். திருத்தங்கலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்ற நேரத்தில்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

இருபத்தெட்டு நிமிஷம் நாற்பத்தொரு விநாடி.

கடிகாரம் தப்பு என்று நினைத்தேன். பயிற்சியில் நான் ஒருமுறைகூட இருபத்தொன்பதரைக்குக் கீழே வந்ததில்லை. கணவர் அன்றும் படம் பிடித்திருந்தார். வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இந்த வருஷத் திரி பன்னிரண்டு விநாடி எரிந்திருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? எல்லாரையும் போலக் காதைப் பொத்திக்கொண்டு நின்று, வெடித்த பிறகு ஓடியிருந்தால், அவருடைய கோணல் கடிகாரம்கூட இருபத்தெட்டு ஐம்பத்து மூன்றுதான் காட்டியிருக்கும். என் சண்டை எதுவும் தேவைப்பட்டிருக்காது. அவர் தானாகவே, வேறு வழியில்லாமல், தன் கையால் அதை எழுதித் தந்திருப்பார். அது போகட்டும், திறந்த பேனாவோடு உட்கார்ந்திருந்தாரே, அப்போதாவது எழுத விட்டிருக்கலாம்.

"என்னாச்சும்மா?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க, கேட்டு தெறந்தாச்சு" என்றேன்.

அடுத்த வாரங்களில் பி.டி. சாருக்கு நல்ல வேலை இருந்தது. போன வருஷம் ஓடிய ஒவ்வொருவரும் பதினோரு விநாடியையும், இந்த வருஷம் ஓடியவர்கள் பன்னிரண்டையும் திரும்பக் கேட்டு வந்தார்கள். காரியாபட்டியிலிருந்துகூட ஒருவர் வந்தார். லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருந்தவர்களுக்குப் புதிதாக அச்சடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். பிள்ளைகள் அவருக்கு திரி சார் என்று பெயர் வைத்தார்கள். கண்டிக்க வேண்டியது ஆசிரியரின் கடமை. நான் கண்டிக்கவில்லை.

ஆனால் ஓட்டம் போய்விட்டது. தினமும் ஓடினேன். அதே சாலை, அதே மின்கம்பங்கள். வேகம் குறையும்போது அசெம்பிளியை நினைத்துப் பார்த்தேன். அறுநூறு பேர் சிரித்தது நினைவுக்கு வந்தது, உடனே அந்தச் சிவந்த காதும் நினைவுக்கு வந்தது, கால் மெத்தனமாகிவிட்டது. முப்பது, முப்பதேகால், இருபத்தொன்பது ஐம்பது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

மார்ச் மாதம் ஒரு நாள் பி.டி. சார் ஆசிரியர் அறையில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க ஓடுனது இருவத்தெட்டு நாப்பத்தொண்ணு. எங்கிட்டயும் அதான் காட்டுச்சு. எழுதிக் குடுக்க முடியாமப் போச்சேன்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. ஒரு நாள் காலைல வாங்க, நானே நேரம் எடுக்கேன். நீங்க காலத் தூக்குனப்புறந்தான் அமுக்குவேன்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்றுதான் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அதே சாலையில், அவரும் நானும் என் கணவரும் மட்டும். அவர் டிரம்முக்குப் பதிலாக ஒரு செங்கல்லை வைத்திருந்தார். திரும்பி வரும் வழியில் எனக்குத் தண்ணீர் கொடுக்க பைக்கில் கூடவே வந்தார். "வாங்க டீச்சர், வாங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்று வழியெல்லாம் சொன்னார். அவர் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். சத்தியமாக முயற்சி செய்தேன்.

இருபத்தொன்பது நிமிஷம் நாற்பத்தெட்டு விநாடி. அவர் அதை ஒரு வெள்ளைத் தாளில் அழகாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டினார். "நல்ல டைம் டீச்சர்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

வாங்கிக்கொண்டேன். நன்றியும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஓடிய நல்ல ஓட்டம் எந்தத் தாளிலும் இல்லை. எழுத வந்த பேனாவைத் தடுத்தது அவர் இல்லை, நான். ஒரு வருஷம் வளர்த்த வன்மம் எனக்குக் கைவந்த வித்தையாகிவிட்டது, அதை இப்போது யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்த வரி வந்தபோது, பி.டி. சாரை நினைத்து வாய் தானாகத் திறந்தது. என்னை நினைத்ததும் மூடிக்கொண்டது.